அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் மதுரைப் பதிப்பில், உள்பக்கத்தில் கீழே ஒரு மூலையில், நாலு வரிச் செய்தி ஒன்று வந்தது. ‘அரசுப் பள்ளிச் சுவரில் கிறுக்கல்: மர்ம நபர்களுக்கு வலை’ என்று தலைப்பு. சிவகங்கை மாவட்டத்தில் வைகை ஓரமாக இருக்கும் எங்கள் கிராமத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிதான் அது. என் மகள் அங்கே ஏழாவது படிக்கிறாள், மகன் மூன்றாவது. அந்தக் ‘கிறுக்கல்’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்த பிறகு, இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று பட்டது. அந்த எழுத்தை அழித்தவன் நான்தான்.

எனக்குப் பெயின்டர் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக தினமும் காலை பஸ்ஸில் மதுரைக்குப் போய்ச் சுவர் சுவராக அடித்துவிட்டு வருகிறவன். பள்ளியில் கேட், ஜன்னல் கம்பி, கரும்பலகை என்று எது வந்தாலும் தலைமையாசிரியை என்னைத்தான் கூப்பிடுவார். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை காலை ஆறே கால் இருக்கும், அவரிடமிருந்து போன். “தம்பி, கையில என்ன பெயின்ட் இருந்தாலும் எடுத்துட்டு உடனே வாங்க.” குரலே சரியில்லை.

காலை உணவு சமைக்க வரும் மகளிர் குழு அக்காதான் முதலில் பார்த்திருக்கிறார். ஆறு மணிக்கு முன்னாலேயே வந்துவிடுவார். நான் போனபோது அடுப்புக்கூட பற்ற வைக்காமல் படியில் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் எண்ணும் எழுத்தும் அட்டைகளைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். சாம்பலில் பாதி எரிந்த ஓர் அட்டையில் ‘ஆடு’ படம் மட்டும் மிச்சம். குழாய்த் தலை நாலும் உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குவார்ட்டர் பாட்டில்களைச் சத்துணவுக் கூடத்துச் சுவரில் அடித்து உடைத்திருந்தார்கள். பாட்டில் எங்களுக்குப் புதிதில்லை. கண்மாய்ப் பக்கம் காம்பவுண்டுச் சுவர் கட்டாமல் விட்டிருப்பதால் ராத்திரியானால் வராந்தாதான் குடிக்கிற இடம். தலைமையாசிரியை ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து அதைச் சொன்னார். அதற்குத்தான் இந்தப் பதில் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். இருக்கலாம்.

ஸ்மார்ட் வகுப்பறையில் இருக்கும் திரையை யாரும் தொடவில்லை. கம்ப்யூட்டரும் அப்படியே இருந்தது. திருட வந்தவன் என்றால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

சுவரில் இருந்தது இதுதான்: ‘பிள்ளைகளை அனுப்பாதே. அனுப்பினால் எறியும்.’ எரியும் என்பதற்கு வல்லின ‘றி’ போட்டிருந்தான். அதன் கீழே ஓர் ஆசிரியரின் பெயரும், அச்சில் போட முடியாத ஒரு வார்த்தையும்.

ஆசிரியர் அவர்களே, இதற்குப் பெயர் கிறுக்கல் என்றால் மிரட்டலுக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? கிறுக்கல் என் மகன் வீட்டுச் சுவரில் செய்வது.

அன்றைக்கு அங்கே கூடிய ஆறேழு பேரும் சுவரைப் பார்த்த கையோடு ஓடியது தண்ணீர்த் தொட்டிக்கு. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் ஒரே நினைப்பு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே, அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் எங்கே ஒரு பொது இடத்தில் எது நடந்தாலும் முதல் ஆள் தொட்டி மேல்தான் ஏறுவான். நான் ஏறினேன். மூடிக்குப் பூட்டு கிடையாது, ஒரு செங்கல்தான் வைத்திருந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்ப மனசில்லை. மொத்தத்தையும் திறந்துவிட்டுப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். அன்றைய உப்புமாவுக்கு அந்த அக்கா தன் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தார்.

அப்புறம் சுவர். எட்டு மணிக்குப் பிள்ளைகள் சாப்பிட வந்துவிடும், அதுகள் கண்ணில் படக்கூடாது என்றார் தலைமையாசிரியை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஐம்பத்தைந்து வயதில், உடைந்த பாட்டில் சில்லுகளைத் தன் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். போலீஸுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன். சொல்லியாச்சு, பத்து மணிக்கு மேல் வருவார்கள் என்றார். சரி என்று வேலையை ஆரம்பித்தேன். எட்டு மணிக்குச் சுவர் சுத்தம். பத்தரைக்கு வந்த காவலர் ஈரச் சுவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “எப்ப அடிச்சீங்க?”

அவர் வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் விஷயம் இருந்தது. அது ரெட் ஆக்சைடு. இரும்பு கிரில்லுக்கு முதல் கோட்டாக அடிப்பது. கடையில் புதிதாக வாங்கி யாரும் சுவரில் எழுத மாட்டார்கள், எங்கேயோ கிரில் வேலை நடக்கிற வீட்டில் மிச்சம் கிடந்த டப்பா அது. தின்னரை அளவுக்கு மேல் ஊற்றியிருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் கீழே ஒழுகியிருந்தது. இரண்டு இஞ்ச் பிரஷ், பழசு. முக்கியமானது உயரம். சுவரில் எழுதுகிறவன் தன் கண் மட்டத்தில்தான் முதல் வரியைத் தொடங்குவான், அது கைப்பழக்கம். அந்த முதல் வரி என் நெஞ்சு மட்டத்தில் இருந்தது. பெரிய ஆள் எழுதியதில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதே பள்ளியில் ‘ரி’யும் ‘றி’யும் படித்துவிட்டுப் போன பையன்களில் ஒருத்தனாக இருக்கலாம். கூட நின்றது யார், பிரஷைக் கையில் கொடுத்தது யார் என்பது வேறு கதை.

இவ்வளவையும் படித்துவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே இரண்டு கோட் அடித்தேன். எழுநூறு ரூபாய் கூலி. ஒரு போட்டோ எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

போட்டோ வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குள் ஊர்ப் பெற்றோர் வாட்ஸ்அப்பில் எல்லாம் வந்துவிட்டது. சாயங்காலம் என் மகள் போனைக் காட்டி, “அப்பா, எரியும்னா இடையின ரி தானே? தப்பா எழுதியிருக்காங்க” என்றாள். பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று முதுகு ஒடிய அடித்தவன் நான்!

அன்று ராத்திரிக்குள் கதை எங்கெங்கோ போனது. பள்ளியில் பாம் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று இன்னொருவர். இதெல்லாம் பரவாயில்லை, இரண்டு நாளில் அடங்கிவிடும். மூன்றாவதாக ஒரு பேச்சு கிளம்பியது: இது அந்தத் தெருப் பையன்கள் வேலை என்று இந்தத் தெருவிலும், இந்தத் தெருப் பையன்கள் வேலை என்று அந்தத் தெருவிலும். சுவரில் சாதி வார்த்தை ஒன்றுகூட இல்லை. அது எனக்குத் தெரியும், எழுத்து எழுத்தாகத் தேய்த்தவன் நான். ஆனால் போட்டோ வந்தும், பள்ளியிலிருந்து யாரும் வாயைத் திறக்காததால், அதில் இல்லாததையும் அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கிற பையனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்கப்புறம் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு குழு போட்டது, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. தென்மாவட்டத்தில் பிள்ளை வைத்திருக்கிற எவனும் அதையெல்லாம் மறந்துவிட்டுத் தூங்க முடியாது. ஒரு வாரம் வரைக்கும் டீக்கடையில் இரண்டு பெஞ்சுக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்காமலே டீ குடித்தார்கள்.

எங்கள் தெருவிலிருந்து ஒன்பது பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போகும். செவ்வாய்க்கிழமை போனது இரண்டு. அந்த இரண்டும் என் பிள்ளைகள்தான், அதையும் பெருமையாகச் சொல்லவில்லை. என் மனைவி அனுப்பமாட்டேன் என்றாள், நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன். அனுப்பிவிட்டு மதுரைக்கு வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு எதிரே புளியமரத்தடியில் மூன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் கூலி போனது. நாலாம் நாள் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றதும் கிளம்பினேன். சாரத்தில் நின்று அடித்துக்கொண்டிருக்கும்போது தூரத்தில் எங்கேயாவது புகை தெரிந்தால் வயிற்றைப் பிசைகிறது.

‘எரியும்’ என்பது இந்தத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடச் சுவரில் விளையாட்டுக்கு எழுதுகிற வார்த்தை இல்லை. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் வெந்து போனார்கள். நான் அப்போது மதுரையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். வேலை செய்த வீட்டுக்காரர் டிவியைப் போட்டுவிட்டு எங்களையும் உள்ளே கூப்பிட்டார். கையில் பிரஷோடு நின்று பார்த்தோம். கூரை எரிந்ததைவிட, படி குறுகலாக இருந்து பிள்ளைகளால் வெளியே வர முடியவில்லை என்று சொன்னதுதான் இன்றைக்கும் எனக்குள் நிற்கிறது. அது யாரும் வைத்த தீ இல்லை, சமையலறையில் பிடித்தது. 2022 ஜூலை 17-இல் கள்ளக்குறிச்சி பக்கம் கனியாமூரில் ஒரு மாணவியின் சாவுக்கு நியாயம் கேட்டுத் திரண்ட கூட்டத்தில் பள்ளி பஸ்களைக் கொளுத்தினார்களே, அது வைத்த தீ. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரண்டையும் பார்த்தவர்களிடம் வந்து “சின்னப் பசங்க ஏதோ கிறுக்கிட்டானுங்க, விடுங்க” என்றால் எப்படி விடுவது?

எங்கள் பள்ளியில் தீப்பிடித்தால் வெளியே வர எத்தனை வழி என்று இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ தடவை மனசுக்குள் எண்ணிவிட்டேன். முன்கேட் ஒன்று. பின்கேட் ஒன்று உண்டு, அதற்குச் சாவி இல்லை. பூட்டு துருப்பிடித்து இறுகிப் போய் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது பூட்டின் மேலேயும் சேர்த்து அடித்துவிட்டுப் போனேன். யாரும் திறக்கச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சத்துணவுக் கூடத்தில் தொங்குகிற தீயணைப்பு சிலிண்டரில் கடைசியாக நிரப்பிய தேதி 2020 என்று இருக்கிறது. அதன் மேல் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று போனால்தான் வேடிக்கை. கட்டடமும் காம்பவுண்டும் ஒன்றியத்தைச் சேர்ந்தது என்கிறது கல்வித்துறை. பள்ளிக்குள் நடப்பதெல்லாம் கல்வித்துறை என்கிறது ஒன்றியம். இரவுக் காவலருக்கு நடுநிலைப் பள்ளியில் பணியிடமே இல்லையாம். சிசிடிவி கேமரா வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு எவனாவது உள்ளே வந்தால் கேமரா இருமிக் காட்டுமா? டார்ச் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இருந்தால் போதும். முறை போட்டு நாங்களே படுத்துக்கொள்கிறோம் என்று ஐந்தாறு அப்பாமார் சொன்னோம். அதற்கு அனுமதி எழுத்தில் கொடுக்க முடியாது என்றார்கள். வாயால் கொடுத்தால் போதும் என்றோம். அதற்குப் பதில் வரவில்லை.

காவல் நிலையத்தில், புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கிறார்கள். வழக்குப் பதிவு இல்லை. நான் பெயின்ட் அடிக்கிற வீடுகளில் ஒன்று ஒரு வக்கீல் வீடு. அவரிடம் கேட்டேன். பெயர் சொல்லாமல் மிரட்டுவதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே 507 என்று தனிப் பிரிவு இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 351-ஆம் பிரிவின் நாலாவது உட்பிரிவு என்றார். பொதுச் சொத்தை உடைத்ததற்குத் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறதாம். அப்படியிருக்க ரசீதோடு நிற்பானேன்? எந்தப் பையனையும் ஜெயிலில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் அவனை விசாரிக்க இளைஞர் நீதிக் குழுமம் இருக்கிறது. எழுதியவன் எங்கள் ஊர்ப் பிள்ளையாகத்தான் இருப்பான், எனக்கு மாமன் மச்சான் முறை ஆகிறவர் வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். யார் என்று தெரியாத வரைக்கும் ஊரில் உள்ள எல்லாப் பையன்களையும் ஒரு மாதிரிதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அது அந்தப் பையன்களுக்கும் நல்லதில்லை.

இத்தனைக்கும் நடுவில் கூட வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். என் மனைவி அதில் உறுப்பினர். கூட்டம் எப்படி நடக்கிறது தெரியுமா? தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்புவாள். அவளைக் கேட்டால், “டீச்சர் கேட்கும்போது மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?” என்பாள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகும் நோட்டுதான் வந்தது. ‘பள்ளிச் சுவர் சுத்தம் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. அந்த ஒரு தடவை அவள் கையெழுத்துப் போடவில்லை. நோட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரி 8-ஆம் தேதி சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது நினைவிருக்கும். கடைசியில் வெறும் புரளி. ஆனால் அன்றைக்குப் பெற்றோருக்கு உடனே தகவல் போனது, மோப்ப நாயோடு போலீஸ் போய்த் தேடியது, உங்கள் பத்திரிகை உள்பட எல்லாவற்றிலும் முதல் பக்கம். வேண்டியதுதான், அவையும் பிள்ளைகள்தானே. எங்களுக்கு மோப்ப நாய்கூட வேண்டாம். எல்லாப் பெற்றோரையும் ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்த பிறகு, பள்ளி மைதானத்தில் உட்கார வைத்து, என்ன எழுதியிருந்தது, போலீஸ் என்ன செய்திருக்கிறது, ராத்திரி யார் இருக்கப்போகிறார்கள் என்று நேராகச் சொன்னால் போதும். பெயர் எழுதப்பட்டிருந்த ஆசிரியரும் அங்கே எங்கள் நடுவில் உட்கார வேண்டும். அவர் இப்போது மாறுதலுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. கணக்குப் பாடத்துக்கு அவரை விட்டால் ஆளில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் தன் மகளுக்கு டி.சி. வாங்கிவிட்டார். வேறு பள்ளியில் சேர்க்கவில்லை. “ஏழாவது வரைக்கும் படிச்சாச்சுல்ல, பொம்பளப் பிள்ளை, போதும்” என்கிறார். அந்தப் பிள்ளையும் என் மகளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது அது காலையில் வாசல் பெருக்கிக்கொண்டே இவள் பள்ளிக்குப் போவதைப் பார்க்கிறது. சுவரில் எழுதியவன் இந்த ஒரு வீட்டில் மட்டும் நினைத்ததைச் சாதித்துவிட்டான்.

இப்போது கடைசியாக ஒன்று. ரெட் ஆக்சைடு எண்ணெய் பெயின்ட். அதன் மேல் தண்ணீர் பெயின்ட்டை நேராக அடித்தால் பிடிக்காது. ஒழுங்காகச் சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு அப்புறம்தான் அடிக்க வேண்டும். தொழில் தெரிந்த எனக்கு அது அன்று காலையே தெரியும். நேரமில்லை, அடித்தேன். ஐப்பசி மழை பத்து நாள் பிடித்ததில் சுவர் ஊறி, நான் அடித்தது பொருக்குப் பொருக்காக உரிகிறது. நேற்று போய்ப் பார்த்தேன். ‘றி’ முழுசாக வெளியே தெரிகிறது. ‘அனுப்பாதே’யில் பாதி.

தலைமையாசிரியை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். வருகிற சனிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்கிறார். பெற்றோர் கூட்டம் போட்டு எல்லோரும் ஒரு தடவை பார்த்த பிறகு அடிக்கிறேன், கூலி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். உங்கள் நிருபர் யாரையாவது அதற்குள் அனுப்ப முடிந்தால் நல்லது. இந்தத் தடவை போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வரும்போது பின்கேட்டையும் ஒரு எட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். பயத்தினால்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெயின்டர்,
சிவகங்கை மாவட்டம்